நாற்பது மீட்டரில் ஒருவன்

அவன் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது, நான் சாப்பிட்டேனா என்பதுதான்.

ஆண்கள் ஆண்களைத் தேடிப் பேசும் செயலி அது. அதில் நான் முகம் காட்டவில்லை. முகத்துக்குப் பதிலாக என் பைக்கின் பெட்ரோல் டேங்கைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அவனுக்கு அந்தப் படம்கூட இல்லை. ஒரு சாம்பல் நிற வட்டம், அதற்குக் கீழே அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்ற கணக்கு. ஆறு கிலோமீட்டர் என்று காட்டும். சில நாள் நாலு. மற்றவர்கள் முதல் வரியிலேயே போட்டோ கேட்பார்கள், இடம் இருக்கிறதா என்பார்கள். இவன் "சாப்ட்டியா?" என்றான். மறுநாளும் அதையே கேட்டான். மூன்று வாரம் ஒரு நாள் விடாமல் கேட்டான்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. சொந்த ஊர் பொதட்டூர்பேட்டைப் பக்கம். அங்கே அம்மா, அண்ணன், அண்ணி. கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி அறையில் நான் தனியாக இருந்தேன். அண்ணன் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தான். வருகிற ஒவ்வொரு ஜாதகத்திலும் நான் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். "கம்பெனில பண்ற வேலைய ஊட்லயும் பண்றாரு" என்று அண்ணி சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பார்க்கலாம் என்றான். புதுவாயலிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில், பல வருஷமாக மூடிக் கிடக்கும் ஒரு ஷெட். நான் தயங்கினேன். "பகல்லதான வரச் சொல்றேன். இன்னா பயம்?" என்று எழுதினான். நியாயமாகத்தான் பட்டது. கெட்டதெல்லாம் இருட்டில்தான் நடக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

வெயில் ஏறியிருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு வேலிகாத்தான் புதருக்குள் நின்றுவிட்டது. ஷெட்டின் கதவு எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. கூரைத் தகடு வெயிலில் டக், டக் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. அவன் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தான். தலையில் ஹெல்மெட், வாயில் முகக்கவசம். கண் மட்டும் தெரிந்தது.

"கஷ்டமா இருந்துச்சா வழி?" என்றான். நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட மெதுவான குரல். காய்ச்சலில் படுத்திருப்பவர்களிடம் பேசுவது மாதிரி.

"ஹெல்மெட்டக் கழட்டலாமே" என்றேன்.

"கழட்டறேன், கழட்டறேன்" என்றபடி போனை எடுத்து என் பக்கம் பிடித்தான்.

அதற்குள் என் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கர்ச்சீப்பால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். கையில் ரப்பர் குழாய்த் துண்டுகள். நான் தினமும் கையில் எடுத்து, வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அதே ஜாதி ரப்பர். முதல் அடி விழுந்ததும் என் மனதில் ஓடியது, இது நம் கம்பெனிச் சரக்கா என்பதுதான். மனம் அந்த நேரத்தில் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

என் பெயர், கம்பெனி பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாவற்றையும் போனைப் பார்த்துச் சொல்ல வைத்தார்கள். எதற்காக அங்கே வந்தேன் என்பதையும் அவர்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளிலேயே சொல்ல வைத்தார்கள். அந்த வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை. மெதுவான குரல்காரன் என்னைத் தொடவே இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும் பேசினான்.

"மூஞ்சில அடிக்காதீங்கடா. நாளைக்கு வேலைக்குப் போணும், பாவம்."

அந்தப் 'பாவம்' நிஜமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் கூரைத் தகடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பைக்கை ஓட்டக் கையில் வலு இல்லை. அதை அங்கேயே விட்டு, சாலை வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் கீரைக்கட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கீரைக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைக்கிலிருந்து விழுந்தேன் என்றேன். டாக்டர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். 

"எல்லாக் கோடும் ஒரே அகலத்துல இருக்கே. ரோடு இந்த மாதிரி அடிக்காது தம்பி. இது அடிதடி கேஸ். போலீஸுக்குத் தகவல் குடுக்கணும்" என்றார்.

அவர் போனை எடுக்கத் திரும்பியபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் மூச்சு இழுக்கும்போது இடுப்புக்கு மேலே குத்தியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட வார்டுக்காரர், "பல்லக் கடிச்சுக்க நைனா" என்று சொல்லிச் சொல்லி மருந்து வைத்தார். வயதான மனிதர். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் பிறகு வந்தார். அங்கே பணியில் இருந்த ஏட்டு. நோட்டைத் திறந்தார்.

"எந்த எடத்துல ஆச்சி?"

சொன்னேன். வேறு இடம் சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"அங்க ஒரு ஊடு கெடையாது, கடை கெடையாது. ஞாயித்துக்கெழமைல அங்க இன்னாத்துக்குப் போன?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடினார். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, அக்கறையாகத்தான் பேசினார்.

"தம்பி, நீ சொன்னா நான் எழுதணும். எழுதினா உங்க ஊட்டுக்கு ஆள் போவும். கம்பெனிக்கும் போவும். யோசிச்சுக்க. பைக்ல விழுந்தேன்னா ஒரு வரில முடிஞ்சுடும்."

ஒரு வரியில் முடித்துவிட்டேன். கீழே என் கையெழுத்து. பேனாவும் அவருடையதே.

லீவு போட்ட நாலாவது நாள், செயலியிலிருந்து என் கணக்கை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். காலை ஒன்பது மணி. கீழே வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். செயலி திறந்ததும் வரிசையில் முதலாவதாக அந்தச் சாம்பல் வட்டம் நின்றது. முந்நூறு மீட்டர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே மளிகைக் கடை, பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், கேன் தண்ணீர் இறக்குபவர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கு இருநூற்றைம்பது ஆனது. பிறகு நானூறு. பிறகு ஒரு கிலோமீட்டர். யாரோ என் தெரு வழியாக சாதாரணமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் கணக்கை அழிக்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிவது பயம். தெரியாமல் இருப்பது அதைவிடப் பயம்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் இருநூறு பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. மேஜைக்கு அடியில் போனில் செயலியைத் திறந்து பார்த்தேன். நாற்பது மீட்டர்.

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் பக்கம் நடந்தேன். முப்பது. திரும்பி வந்தேன். ஐம்பது. அந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் சாலையில் போகிறவனாகக்கூட இருக்கலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் முகங்களைப் பார்க்கவில்லை. முகம்தான் எனக்குத் தெரியாதே. குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே அங்கங்கே சிரிப்பு, சாம்பார் கேட்கும் குரல், யாரோ யாரையோ அழைக்கும் குரல். அப்போது பின்னாலிருந்து ஒருவர் என் தோளில் கை வைத்து,

"சாப்ட்டியா?" என்றார்.

தட்டு விழுந்துவிட்டது. திரும்பினால், என்னோடு ஐந்து வருஷமாக வேலை செய்பவர். "இன்னாபா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்று குனிந்து தட்டை எடுத்துக் கொடுத்தார்.

நம் ஊரில் அதைத்தானே எல்லோரும் கேட்பார்கள். வாட்ச்மேன் கேட்பார், வீட்டுக்காரர் கேட்பார், அம்மா போனை எடுத்ததும் அதைத்தான் கேட்பாள். அந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் என் முதுகில் கோடு கோடாகச் சூடு பரவும். பதில் சொல்வதற்கு முன் குரலைப் பிரித்துப் பார்ப்பேன். அம்மாவின் குரலைக்கூட.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். "ஏன்?"

உடனே பார்த்துவிட்டான். எழுதுகிறான், எழுதுகிறான் என்று மூன்று புள்ளிகள் வெகுநேரம் அசைந்தன. பிறகு பதில் வந்தது.

"சாப்ட்டியா?"

அன்றைக்குத்தான் உதவி எண் ஒன்றைத் தேடிக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். நல்ல குரல். பெயர் கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. "பரவாயில்லைங்க, பேர் வேணாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதற்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு ஷெட்டில் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்ததற்குப் பிறகு, பெயரும் ஊரும் என் தொண்டையில் தனியாக எங்கோ போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் காத்திருந்தார். நான் கட் செய்துவிட்டேன்.

ஆனால் ஒன்று செய்தேன். செயலியில் என் படத்துக்குக் கீழே, 'புதுவாயல் பக்கம் மூடின ஷெட்டுக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க' என்று எழுதிவைத்தேன். பத்து நாள் கழித்து யாரோ ஒருவர் எழுதினார்: "எனக்கும் நடந்துச்சு. பேசலாமா?"

அந்த மனிதரைச் சந்திக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. புதுவாயல் கூட்டு ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில், ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடை என்று முடிவு செய்தோம். நான் அரை மணி முன்னால் போய்ச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றேன். அவரும் அரை மணி முன்னால் வந்து சற்றுத் தள்ளி நின்றிருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, யார் யார் என்று தெரியாமல் நின்றோம். கடைசியில் அவர்தான் சாலையைக் கடந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. மனைவியும் ஒரு மகளும் உண்டு.

அவர் கை குலுக்கவில்லை. மூன்றடி தள்ளி நின்றார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. ஒரு வாட்டி சொல்லு. மூஞ்சில அடிக்காதீங்கடான்னு சொல்லு."

எனக்குப் புரிந்தது. சொன்னேன். அவர் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டிக் கேட்டார். இடது காது அந்த ஷெட்டில் போய்விட்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"இப்ப நீங்க சொல்லுங்கண்ணா" என்றேன்.

அவர் சொன்னார்.  அது அவன் குரல் இல்லை. இரண்டு பேரும் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டோம். சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு அது நடந்தது எனக்கு இரண்டு மாதம் முன்னால்.

"நான் வாய மூடிக்கினு இருந்ததாலதான் நீ அங்க போன" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணா."

"இருக்கு. எங்க ஊட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு, போய் எழுதிக் குடுன்னா. நீ வரியா?"

ஸ்டேஷனுக்கு நாலு முறை போனோம். முதல் மூன்று முறையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு காவலர் எங்கள் மனுவைப் படித்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. வந்து நிற்பார்கள், பார்ப்பார்கள், போவார்கள். டீ கொண்டு வந்தவரும் பார்த்தார். மூன்றாவது நாள் ஒருவர், "ரெண்டு பேரும் கொஞ்சம் நவுந்து உக்காருங்க" என்றார். எங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

நாலாவது முறை ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். உள்ளே கூப்பிட்டார். மனுவைப் படித்தார். அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"அங்க எதுக்குப் போனீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். எடைமேடை அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பழகலாம்னு கூப்ட்டான் மேடம், போனோம். எங்களுக்கு ஆம்பளைங்ககூடதான் மனசு போவுது. அது குத்தம் இல்லன்னு கோர்ட்டே சொல்லிட்சி. அடிச்சது குத்தமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.  எஸ்.ஐ. அவர் பக்கம் திரும்பாமலே, "எழுதுங்க" என்றார். பேனா மறுபடி ஓடியது. ரசீது கையில் வந்தபோது அண்ணனுக்கு வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதன் பிறகு என் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஏட்டு சொன்னபடிதான் நடந்தது. ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். அடித்தார்களா, எலும்பு ஏதும் முறிந்ததா என்று கேட்டான். பிறகு, "அடிச்சவன் மேல கேஸ் குடுத்தது கரெக்ட்டு. காரணத்த எழுதாம வுட்டிருக்கலாம் இல்ல?" என்றான். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வர வேண்டாம் என்றான். அண்ணி பின்னாலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஜாதகம் வருவது நின்றுவிட்டது.

இரண்டு பேரைப் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் ஓடிவிட்டான். மெதுவான குரல்காரனைப் பற்றி அந்த இருவரும் சொன்னது இவ்வளவுதான்: கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன், பல கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனில் வருவான், எந்தக் கம்பெனி என்று தெரியாது, அண்ணன் என்றே கூப்பிடுவார்கள், பெயர் கேட்டதில்லை. அவன் சிம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. அவனை இன்றுவரை பிடிக்கவில்லை. அவர்கள் கைதான அன்று மதியம் செயலியில் அந்தச் சாம்பல் வட்டம் காணாமல் போனது. தூரம் என்று எதுவும் இல்லை. அதை நிம்மதி என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

பிடிபட்டவன் ஒருவனின் போனில் வீடியோக்கள் இருந்தன. எஸ்.ஐ. என்னை மட்டும் கூப்பிட்டார். சத்தத்தை நிறுத்திவிட்டு, முகம் மட்டும் தெரியுமாறு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஆறு பேர் இருக்காங்க இதுல. நீங்க ரெண்டு பேருதான் வந்திருக்கீங்க. மத்தவங்க யாரயாச்சும் தெரியுதா?"

மூன்றாவது முகம் எங்கள் லைன் சூப்பர்வைசருடையது. இரண்டு பிள்ளைகளின் அப்பா. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வருபவர். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கையில் கட்டோடு வந்து, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொன்னார். நாங்கள் எல்லோரும் நம்பினோம். சத்தமில்லாத அந்த வீடியோவில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அது எந்தெந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

"தெரியல மேடம்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போனை அணைத்தார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் சூப்பர்வைசர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் பாதி வழி போனது. பிறகு, வெளியே பார்த்தபடி சொன்னேன்.

"சார், ஸ்டேஷன்ல ஒரு லேடி எஸ்.ஐ. இருக்காங்க. நல்ல மாதிரி. சொன்னத சொன்ன மாதிரி எழுதிக்கறாங்க."

"எனக்கு எதுக்குப்பா இத சொல்ற?" என்றார். மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் நின்றதும் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரமே கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஷிஃப்டுக்கு மாறினார்.

பஸ்ஸில் நான் அப்படிச் சொன்னது தப்பா என்று எடைமேடை அண்ணனிடம் கேட்டேன். "எனக்கும் டைம் ஆச்சில்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் எடைமேடை அண்ணனும் நானும் சேர்ந்துதான் போகிறோம். எங்கள் ஷிஃப்டு முடிந்து வெளியே வரும்போது சூப்பர்வைசரின் ஷிஃப்டு உள்ளே போகும். மாதக்கணக்கில் அவர் தலை நிமிராமல்தான் என்னைக் கடந்து போனார். ஒரு நாள் கம்பெனி வாசலில் நின்றார். செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பது போலக் குனிந்துகொண்டு,

"அந்த மேடம் எந்தக் கெழமைல இருப்பாங்க?" என்றார்.

"வியாழக்கெழமை, சார்."

சரி என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதன் பிறகு மூன்று வியாழக்கிழமைகள் ஆகிவிட்டன. போனாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.